செல்லாத நோட்டுகள் சொல்லும் சரித்திரம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தி, தோழியர் மூவரின் சார்பிலும் எழுதியது)

‘பணம் பத்தும் செய்யும்’ என்று பெரியோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பத்தும் வேண்டாம், ஒன்றைக்கூடச் செய்ய முடியாத பணத்தை நீங்கள் பார்த்ததுண்டா? நாங்கள் நால்வரும் பார்த்தோம். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கட்டு!

இவ்வாண்டு எங்கள் பள்ளியில் நடந்த சரித்திரக் கண்காட்சிக்கு வகுப்புதோறும் ஒரு பொருள் தரப்பட்டது. ஒன்பதாம் வகுப்பினருக்குப் பழைய அளவைகள். அவர்கள் நாழி, உழக்கு, மரக்கால் என்று வீட்டுப் பரணிலிருந்தே கொண்டுவந்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்ததோ ‘பிறநாட்டுப் பழைய பணத்தாள்கள்’. எங்கே போவது? முதலில் எங்களுக்கு அழுகையே வந்தது. “தேடுகிறவர்கள் கண்டடைவார்கள், பிள்ளைகளே” என்று சரித்திர ஆசிரியை சிஸ்டர் அவர்கள் சிரித்துக்கொண்டே கூறினார்கள். ஆகவே ஒரு சனிக்கிழமை, எங்களில் ஒருத்தியின் தந்தையாருடன் கோட்டாற்றுக் கடைவீதிப் பக்கம் தேடிப் புறப்பட்டோம்.

அங்கே ஒரு சந்தில் பழைய சாமான் கடை ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் ஆக்கர் கடை போலிருக்கும். உள்ளே போனால் உருளி, கிண்டி, குத்துவிளக்கு, நின்றுபோன சுவர்க் கடிகாரங்கள், ஊசியில்லாத கிராமபோன், தேக்குமரப் பெட்டிகள். கடைக்காரத் தாத்தா ஒரு பெரிய ஆல்பத்தை எடுத்து வைத்தார்கள். அதில்தான் எங்கள் பாடம் தொடங்கியது.

“இந்தத் தாளெல்லாம் உங்களுக்கு எங்கேயிருந்து தாத்தா கிடைக்குது?” என்று கேட்டோம்.

“பெட்டிக்குள்ளேயிருந்துதான் மக்களே. வீட்டுல வயசானவங்க போனதும் பெட்டிய விக்க வருவாங்க. அடித்தட்டுல துணிக்குக் கீழ பாத்தா இப்படி ரெண்டு நோட்டு கிடக்கும். கொண்டுவந்தவங்களுக்கே தெரியாது” என்றார்கள்.

நம் நாஞ்சில் நாட்டார் அக்காலத்திலேயே கடல் கடந்தவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலாயா ரப்பர் தோட்டம், பர்மா என்று போனவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே அந்த ஆல்பத்தில் அந்நாடுகளின் தாள்களே அதிகம் இருந்ததில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருந்தது. பிறநாட்டுத் தாள் பல இருந்தும், நம் சொந்த ஊரான திருவிதாங்கூரின் தாள் ஒன்றுகூட இல்லை! காரணம், திருவிதாங்கூர் அரசு காகிதப் பணமே வெளியிட்டதில்லை. காசும் சக்கரமும் பணமும்தான். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். இந்த அரைச் சக்கர வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நமக்குத் தசம முறை வந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது, கையில் எண்ணினால் சிந்திவிடும். அதற்காகவே குழி குழியாகத் துளையிட்ட மரப்பலகை வைத்திருந்தார்கள். நாணயங்களைப் பலகையில் கொட்டி அசைத்தால் குழிக்கொன்றாக விழும். நிரம்பியதும் எண்ணிக்கை முடிந்தது. அந்தச் சக்கரப் பலகை ஒன்றும் கடையில் இருந்தது. விலை கேட்கத் துணியவில்லை.

தாளுக்கு வருவோம். பணத்தாள் என்பது உண்மையில் ஒரு வாக்குறுதிச் சீட்டு. நம் பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவருக்குப் பத்து ரூபாய் தருவதாக ரிசர்வ் வங்கியின் கவர்னர் கையெழுத்திட்டு வாக்களிக்கிறார். ஒரு ரூபாய்த் தாளில் மட்டும் அந்த வாக்கியம் இராது. அதை வெளியிடுவது மத்திய அரசு. கையெழுத்து நிதிச் செயலாளருடையது. இந்தியாவில் அரசாங்கமே தாள்பணம் வெளியிட 1861ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கி, தன் முதல் தாளான ஐந்து ரூபாய் நோட்டை 1938இல் வெளியிட்டது. அதில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படம் இருக்கும். ஆக, தாளின் மதிப்பு அதன் காகிதத்தில் இல்லை. வாக்குக் கொடுத்தவர் நாளையும் இருப்பாரா, இருந்தால் வாக்கைக் காப்பாரா என்பதில்தான் இருக்கிறது.

இதைத் தாத்தா ஒரே ஒரு தாளைக் காட்டி எங்களுக்கு விளங்க வைத்தார்கள். நீலமும் பச்சையும் கலந்த நிறம். அதில் ஒரு வாழைமரம், குலையோடு! பின்புறத்தில் தொலைவில் ஒரு கப்பல். “ஜப்பான் அரசாங்கம், கேட்டவுடன் பத்து டாலர் கொடுப்பதாக வாக்களிக்கிறது” என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. ஆனால் கையெழுத்து இல்லை, ஆண்டு இல்லை. பல தாள்களில் வரிசை எண்ணும் இல்லை. ‘எம்’ என்று தொடங்கும் எழுத்துகள் மட்டுமே இருந்தன. எம் என்றால் மலாயா. பர்மாவுக்கு ‘பி’ என்ற எழுத்தில் ரூபாயாகவும், பிலிப்பைன்ஸுக்கு வேறொரு எழுத்தில் பெசோவாகவும் ஜப்பானியர் அச்சடித்தார்கள். பிடிக்கப்போகும் நாட்டின் பணப் பெயரிலேயே தாளைத் தயாரித்துக்கொண்டு படை புறப்பட்டது என்பதை எண்ணும்போது எங்களுக்கு மெய் சிலிர்த்தது.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவில் கோத்தா பாரு கரையில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் இந்த வாழைமரத் தாள்தான் அங்கே பணம். மலாய் மொழியில் அதற்கு ‘டுவிட் பிசாங்’, அதாவது வாழைப்பழக் காசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. தேவைப்பட்டபோதெல்லாம் அச்சடித்தார்கள். எண்ணே இல்லாத தாளுக்குக் கணக்கு ஏது? பணம் பெருகப் பெருகப் பொருளின் விலை ஏறியது. 1945இல் ஆயிரம் டாலர் தாளே அச்சிட வேண்டியதாயிற்று. அரிசி கிடைக்காமல் மக்கள் மரச்சீனிக் கிழங்கைத் தின்று நாளைக் கழித்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அதனால் நம் திருவிதாங்கூரிலும் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டு, இங்கும் மரச்சீனிதான் பலர் உயிரைக் காத்தது. கணவன் மலாயாவில் கிழங்கு தின்ன, மனைவி கல்குளத்தில் கிழங்கு தின்றிருப்பாள். இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்துகூட இல்லை.

1945இல் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார், ஜப்பான் தாளுக்கு மதிப்பு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றிக் கொள்ளத் தவணை இல்லை, வரிசை இல்லை. முந்தைய நாள் வரை கூலியாக வாங்கிய தாள் மறுநாள் வெறுந்தாள். வாக்குக் கொடுத்த அரசாங்கம் தோற்றுப்போய்விட்டது. வந்த அரசாங்கத்துக்கு அது தன் வாக்கு அல்ல. ஹாங்காங்கில் இதே போன்ற இராணுவத் தாள்களை வைத்திருந்தவர்கள் ஜப்பானிலேயே வழக்குத் தொடுத்தார்கள். 1999இல் டோக்கியோ நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது.

கடையில் இவ்வளவையும் குறித்துக்கொண்டு, கையிலிருந்த பணத்துக்கு மூன்று தாள்களை வாங்கிக்கொண்டு திரும்பினோம். மறுநாள் ஞாயிறு திருப்பலி முடிந்து, எங்களில் ஒருத்தியின் வீட்டில் அவற்றை விரித்து வைத்திருந்தோம். அவளுடைய ஆச்சி (அம்மாவின் அம்மா) அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். வாழைமரத்தைக் கண்டதும் பேச்சே இல்லை. உள்ளே போய், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார்கள். திறந்தால், அதே தாள்! ஒரு கட்டு!

எண்ணினோம். முப்பத்தேழு தாள். எல்லாம் பத்து டாலர். இருபத்தாறு தாள்கள் ஒரு கட்டாகவும், பதினொன்று தனியே கறுப்பு நூலால் சுற்றியும் இருந்தன.

ஆச்சியின் தந்தையார், எங்கள் தோழிக்குப் பூட்டன், 1937இல் தம் அண்ணனுடன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலாயாவுக்குப் போனவராம். (அடுத்த ஆண்டே, 1938 ஜூனில், கூலித் தொழிலாளரைத் தோட்டங்களுக்கு அனுப்புவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் இக்கதையே இல்லை.) ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. அதிகாலை இருட்டில் மரம் வெட்டத் தொடங்க வேண்டும் என்று சொல்வாராம். நம் குலசேகரம் பக்கத்துத் தோழிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு தங்கைகளின் கலியாணமும், ஒத்தியில் இருந்த பூமியை மீட்பதும்தான் அண்ணன் தம்பி இருவரின் எண்ணம்.

ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டது சரித்திரம். 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அங்கே உழைத்ததைப் பற்றிச் சினிமாவும் புத்தகங்களும் உண்டு. அவர்களைவிடப் பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர்கள் உழைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களுள் மிகப் பலர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்கள் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் இன்றும் அதைச் சொல்கிறார்கள். பூட்டனின் அண்ணன் அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பவில்லை. போகும்போது தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போன பணம்தான் அந்தப் பதினொரு தாள்.

தம்பி 1946இல் ஊர் திரும்பினார். தாள் செல்லாது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் எறியவில்லை. “இது அண்ணனுக்க சம்பாத்தியம். என்னைக்காவது மாத்திக் குடுப்பான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவர் காலமான பிறகு ஆச்சி அந்த டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஆச்சி எங்களைப் பார்த்துக் கேட்டார்கள்: “நீங்கெல்லாம் படிச்ச பிள்ளையளு. இப்பம் இத மாத்துனா எவ்வளவு கிட்டும் மக்களே?”

நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் கடையில் கேட்டுக் குறித்து வந்திருக்கிறோம்! வங்கியில் ஒன்றும் கிடையாது, கணக்கற்று அச்சிட்டதால் சேகரிப்பவர்களிடமும் இது அபூர்வமான தாள் அல்ல, சொற்ப விலைதான். ஆச்சியின் பேத்தியே அதைச் சொன்னாள். ஆச்சி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பாவுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உலை பார்க்கப் போய்விட்டார்கள்.

அன்று மாலை நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். போருக்கு முன் மலாயாத் தோட்டங்களில் ஓர் ஆணின் நாட்கூலி ஐம்பது காசு அளவில் இருந்தது, பெண்ணுக்கு நாற்பது. அந்தக் கணக்கில் ஒரு பத்து டாலர் தாள் இருபது நாள் வேலை. முப்பத்தேழு தாள், 740 நாள். ஆக்கிரமிப்புக் காலத்தில் பணத்தின் மதிப்பு விழுந்துகொண்டே வந்ததால் இது சரியான கணக்கல்ல என்று சிஸ்டர் திருத்தினார்கள். இருந்தாலும் அந்த 740 என்ற எண் எங்கள் மனத்தை விட்டுப் போகவில்லை.

மற்றத் தாள்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி 1959இல் தனி நோட்டு வெளியிட்டது பலருக்குத் தெரியாது. அதுவரை குவைத், பஹ்ரைன், துபாய் எங்கும் நம் ரூபாயே செலாவணி. தங்கக் கடத்தலுக்கு அது வசதியாகிவிட்டதால், வேறு நிறத்தில், எண்ணுக்கு முன் ‘இசட்’ எழுத்துடன் தாள் அச்சிட்டார்கள். குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தம் சொந்தத் தினாருக்கு மாறின. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் மற்ற நாடுகளும் விலகின. ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. இன்று வளைகுடாவிலிருந்து அப்பா பணம் அனுப்பும் வீடுகள் எங்கள் வகுப்பிலேயே எத்தனை! அன்று அங்கே சம்பளமே ரூபாயில்தான்.

தமிழ் எழுத்துள்ள பிறநாட்டுத் தாள்களும் உண்டு. இலங்கைத் தாளில் சிங்களத்தோடு தமிழ் இருக்கும். சிங்கப்பூர்த் தாளில் நாட்டின் பெயர் தமிழிலும் இருக்கும். மொரிஷியஸ் தாளிலோ தொகை தமிழில் எழுதப்பட்டிருப்பதோடு, நாமே மறந்துவிட்ட தமிழ் எண்களும் இருக்கின்றன. 1998இல் அந்நாட்டு வங்கி புதுத்தாள் அச்சிட்டபோது தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளிவிட்டது. அங்குள்ள தமிழர் வெகுண்டெழவே, அத்தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி 1999இல் மீண்டும் அச்சிட்டார்கள். ஓர் எழுத்துவரிசைக்காக ஒரு நாட்டின் பணமே மாறியது!

சேகரிக்க விரும்பும் தங்கைகளுக்கு, நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாங்கிய தாள்களில் ஒன்று இலங்கைத் தாள்; மடிப்பில் கிழிந்திருந்தது. அழகாக இருக்கட்டும் என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லாமினேஷன் செய்துவிட்டோம். அதைப் பார்த்த கடைக்காரத் தாத்தா தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றி உரிக்க முடியாதாம். செல்லோடேப்பும் அப்படித்தான், பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். கழுவுவதும் இஸ்திரி போடுவதும் கூடவே கூடாது. கெட்டியான, பசையில்லாத பாலியெஸ்டர் உறையில் வைத்து, வெயிலும் ஈரமும் படாமல் காப்பதே வழி. நெடி வீசும் மலிவு பிளாஸ்டிக் உறை வேண்டாம். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

போலியும் உண்டு. வாழைமரத் தாளைப் போலவே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். எங்கள் உயிரியல் கூடத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, ஒரு தாளில் நிறம் முழுவதும் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தது, பத்திரிகைப் படம் போல. ஆச்சியின் தாளில் கோடு கோடாகத் தெளிவாக இருந்தது.

பெற்றோருக்கும் ஒரு செய்தி. 2016 நவம்பர் 8 அன்று செல்லாதென அறிவிக்கப்பட்ட பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் சில வீடுகளில் நினைவுக்காகக் கிடக்கின்றன. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் பத்துத் தாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. படிப்பு, ஆராய்ச்சி, நாணயச் சேகரிப்பு ஆகியவற்றுக்கு இருபத்தைந்து வரை அனுமதி உண்டு. பரணைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்!

கண்காட்சிக்கு முந்தின நாள் அட்டை எழுதும்போது எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. ‘ஜப்பானியச் செல்லாக் காசு’ என்று ஒருத்தி எழுதிவிட்டாள். அது உண்மைதானே என்றாள் அவள். ஆச்சி வந்து பார்ப்பார்களே என்றோம் நாங்கள். சிஸ்டர் வந்து இரு பக்கத்தையும் கேட்டுவிட்டு, “பொய்யும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுதவும் வேண்டாம்” என்றார்கள். கடைசியில் அட்டையில் இப்படி எழுதினோம்: ‘மலாயா, 1942-1945. பத்து டாலர். அண்ணன் தம்பி இருவரின் தோட்டக் கூலி. 1945இல் செல்லாதென அறிவிக்கப்பட்டது.’

ஆச்சி கண்காட்சியன்று காலையிலேயே வெள்ளைச் சேலை உடுத்து வந்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நாங்கள் வரிசையாக வைத்திருந்த தாள்களை ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு, கறுப்பு நூல் சுற்றிய கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தரச் சொன்னார்கள். சிஸ்டர் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆச்சி அதை இரண்டாக மடிக்காமல், அப்படியே தம் ஜெபப் புத்தகத்தின் நடுவில் வைத்துக்கொண்டார்கள். கண்காட்சியில் முப்பத்தாறு தாள்களே இருந்தன.